முறை மாறும் பணி: சப்ரகமுவத் தோட்டப் பங்குகளில் கிறிஸ்தவத் தாழ்ச்சி

கத்தோலிக்க மறையுரைகளில் அடிக்கடி புகழப்படும் புண்ணியம் தாழ்ச்சி. பெருமை கொள்ளாதே, பணிந்து நட, பிறருக்குத் தொண்டு செய் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வசதியும் அதிகாரமும் உள்ளவர் காதில் இந்த அறிவுரை விழும்போது அது சுட வேண்டிய இடத்தில் சுடுகிறது. இரத்தினபுரி மாவட்டத்திலோ கேகாலை மாவட்டத்திலோ, பாட்டி பிள்ளை பெற்ற அதே லயக் காம்பிராவில் குடியிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் காதில் விழும்போது அது என்ன செய்கிறது? கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் பணிந்தே பழகிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். இன்னும் பணிந்து போ என்று கோயிலும் சொன்னால், நற்செய்தியின் பெயரால் பழைய சுமையையே மீண்டும் ஏற்றிவிட்டோம் என்றுதான் பொருள்.

சப்ரகமுவத் தோட்டங்களின் கத்தோலிக்க வாழ்வை முன்வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை. அதன் வாதம் இது: கிறிஸ்தவத் தாழ்ச்சியை மனநிலையாக மட்டும் பார்த்தால் போதாது, ஒரு பங்கு தன் வேலைகளை எப்படிப் பகிர்ந்துகொள்கிறது என்பதில்தான் அது தெரியும். முறை மாறி எல்லோர் கைக்கும் வரும் வேலை தொண்டு. சிலர் கையிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும் வேலை அடிமைத்தனம், அதற்கு எவ்வளவு புனிதமான பெயர் வைத்தாலும்.

நிலமும் சபையும்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்ரகமுவ மாகாணம். நுவரெலியாவைப் போலத் தேயிலை மட்டுமே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விரியும் நிலம் அல்ல இது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கம் இறப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கும். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிங்களக் கிராமங்களும் வயல்களும் இரத்தினக்கல் குழிகளும் இருக்கும். தோட்டத் தமிழர் இங்கே சிறு சிறு திட்டுகளாகச் சிதறி வாழ்கிறார்கள். அவர்களுக்குள் கத்தோலிக்கர் இன்னும் சிறுபான்மை. ஒரு தோட்டத்தில் பத்துக் குடும்பம், அடுத்த தோட்டத்தில் ஐந்து என்பது இங்கே வியப்பல்ல.

13ஆம் லியோ திருத்தந்தை 1893இல் காலி மறைமாவட்டத்தை நிறுவியபோது சப்ரகமுவ அதற்குள் அடங்கியது. பெல்ஜியம் நாட்டு இயேசு சபையினரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1995 நவம்பர் 2ஆம் நாள், இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது. பின்னாளில் கொழும்புப் பேராயரும் கர்தினாலுமான மல்கம் ரஞ்சித் அதன் முதல் ஆயர்.

பழைய நாளில் தோட்டத்துக்குள் குருவானவர் வருவதே துரையின் தயவைப் பொறுத்தது. தோட்டம் தனியார் சொத்து. வெளியார் காலடி வைக்க அனுமதி வேண்டும். பூசைக்கு இடம் கொடுப்பவரும் துரை, சிற்றாலயத்துக்குத் துண்டு நிலம் விடுபவரும் துரை. அப்படிப்பட்ட இடத்தில் நின்று கூலி பற்றியோ லயத்தின் கூரை பற்றியோ மறையுரையில் பேசுவது எளிதல்ல. பணிவு பற்றிப் பேசுவது எளிது. தோட்டத்துக் கத்தோலிக்கத்தில் தாழ்ச்சி பற்றிய போதனை எந்த நிழலில் வளர்ந்தது என்பதை இந்தப் பின்னணி இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது.

மேலிருந்து சுமத்தப்பட்ட தாழ்வு

திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து வந்த இம்மக்கள் கடனோடுதான் கப்பல் ஏறினார்கள். அந்தக் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளரைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் கோட்பாட்டு விளக்கத்தை வெளியிட்டது. ஆயர் முதல் எளிய பொதுநிலையினர் வரை திருமுழுக்குப் பெற்ற எல்லோரும் ஒரே இறைமக்கள், எல்லோருக்கும் சம மாண்பு என்பது அதன் மையம். உரோமையில் சம மாண்பு அறிக்கையிடப்பட்ட அதே பருவத்தில், அந்த மாண்புக்குரிய கத்தோலிக்கக் குடும்பங்கள் சப்ரகமுவ லயங்களில் தாங்கள் எந்த நாட்டுக் கணக்கில் சேர்க்கப்படுவோம் என்று காத்துக் கிடந்தன.

1981 ஆகஸ்ட் மாதம் தமிழருக்கு எதிரான வன்முறையில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் லயங்கள் எரிக்கப்பட்டன. மக்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். 1977இலும் 1983இலும் நடந்ததும் இதுவே. வன்முறை ஓய்ந்தபின் பலர் வவுனியாப் பக்கமும் இந்தியாவுக்கும் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் வாய் திறக்காமல் வாழப் பழகினார்கள். அந்த மௌனத்தைத் தாழ்ச்சி என்று யாரும் மெச்சிவிடக் கூடாது. அது அச்சம்.

லயத்துக்குள்ளும் படிநிலை உண்டு. ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட ஆய்வும், ஒட்வார் ஹொலுப் 1994இல் வெளியிட்ட ஆய்வும், கடல் கடந்த பிறகும் தோட்டத்தில் சாதி உயிரோடு இருந்ததைக் காட்டின. வாசல் கூட்டும் வேலைக்கும் கக்கூசு கழுவும் வேலைக்கும் எந்தக் குடும்பத்திலிருந்து ஆள் வரும் என்பது ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தோட்டத்தில் வாசக்கூட்டி என்று பெயர் எடுத்தவரின் மகளே சிற்றாலயத்தையும் கூட்ட வேண்டும் என்று ஒரு பங்கு எதிர்பார்த்தால், அங்கே நடப்பது தொண்டு அல்ல. தோட்டத்து ஏற்பாடு கோயிலுக்குள் நீண்டிருக்கிறது.

மரபு சொல்வது

திருச்சபையின் மரபு இந்தக் குழப்பத்துக்கு இடம் தரவில்லை. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிபவர் சீடர் அல்லர், குரு. பேதுரு பதறிப்போய்த் தடுக்கிறார், ஏனென்றால் தண்ணீர்ப் பாத்திரம் தவறான கைக்குப் போய்விட்டது என்பது அவருக்குப் புரிகிறது. நீங்களும் ஒருவர் மற்றவருக்கு இதைச் செய்யுங்கள் என்று இயேசு முடிக்கும்போது பாத்திரம் கை மாறத் தொடங்குகிறது. பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய மடலிலும் இறங்கி வருபவர் இறைவடிவில் இருந்தவர். ஏற்கெனவே கீழே இருப்பவரை இன்னும் கீழே இறங்கச் சொல்லும் வாசகம் அங்கே இல்லை.

6ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் 7ஆம் அதிகாரம் தாழ்ச்சியின் 12 படிகளை விளக்குகிறது. பலரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அதைவிட நடைமுறைக்கு உதவுவது 35ஆம் அதிகாரம். துறவியர் எல்லோரும் வாரமுறை வைத்துச் சமையலறையில் பணிசெய்ய வேண்டும். சனிக்கிழமை, அந்த வாரம் முடிப்பவர் துடைத்த துணிகளைத் துவைத்துக் கொடுக்க வேண்டும். அவரும் அடுத்த வாரம் தொடங்குபவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பிரபு வீட்டுப் பிள்ளையும் பண்ணை அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவரும் ஒரே மடத்தில் சேர்ந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இது. யாருக்குத் தாழ்ச்சி வருகிறது என்று காத்திராமல், அடுப்படிக்கு முறை போட்டார் ஆசீர்வாதப்பர்.

இந்த மரபு சப்ரகமுவவுக்கு அந்நியமல்ல. கண்டி மறைமாவட்டத்தை வளர்த்தவர்கள் ஆசீர்வாதப்பர் சபையின் சில்வெஸ்திரியத் துறவியர். 2007இல் இரத்தினபுரியின் ஆயரான கிளீட்டஸ் சந்திரசிறி பெரேராவும் அதே சபையைச் சேர்ந்தவர்.

அடுத்து, 13ஆம் நூற்றாண்டின் தோமா அக்குவினாஸ். தாழ்ச்சி பற்றி எழுதும்போது அவர் அதற்கு ஓர் இணைப்புண்ணியத்தைக் காட்டுகிறார். தகுதிக்கு மீறி எட்டிப் பிடிக்கத் துடிக்கும் மனத்தை அடக்குவது தாழ்ச்சி. தகுதியானதைக் கூட எட்ட அஞ்சித் துவளும் மனத்தை நிமிர்த்துவது பெருந்தகைமை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. ஒரே மனிதருக்கு இரண்டும் வேண்டும். இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு நியாயமான போதனை கிடைக்கிறது. பங்கின் செல்வாக்குள்ளவருக்கு முதலாவதை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையாகத் துவண்டு கிடப்பவருக்கு இரண்டாவதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இறங்கி வந்தவர்கள்

இலங்கைத் திருச்சபையில் இப்படி இறங்கி வந்தவர்களுக்குக் குறைவில்லை. கோவாவின் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1651இல் பிறந்த யோசேப்பு வாஸ், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த 1687இல், கூலியாள் கோலத்தில் இங்கு வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது வீட்டார் கைவிட்ட நோயாளிகளைத் தம் மருமகன் யோசேப்பு கர்வாலோவுடன் சேர்ந்து பராமரித்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார், புண் கழுவினார், இறந்தவரைப் புதைத்தார். இன்ன மதத்தவர் என்று பார்க்கவில்லை. பிராமணக் குடியில் பிறந்தவர் ஒருவர் பிறர் சீழைத் துடைத்து, பிணத்தைச் சுமந்தார் என்பதைச் சாதி வழக்கம் தெரிந்த நாம் மெதுவாக நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் திருத்தந்தை அவரைப் புனிதராக அறிவித்தார்.

கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தபோது, வளமான கண்டியை விட்டு வறிய பதுளைக்குத் தாமே போனார். அதே 1972இல் இயேசு சபைக் குருவான போல் காஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவர், தமிழர், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து உழைக்கும் இடமாக அது இருந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த 1974இல், தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவாவதில் அவர் முன்னின்றார். தோட்டத் தொழிலாளருக்கு அரிசி கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. அவர்களுடைய குடியுரிமைக்கும் கூலிக்கும் வாதாடினார். 2017இல் இறக்கும் வரை அந்த வாதாட்டம் ஓயவில்லை. தாழ்ச்சியும் உரிமைக் குரலும் ஒரே வாழ்வில் கூடி வாழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் இறங்கி வந்த பெரியவர்களைப் போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால், தாழ்ச்சி குருக்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய வீரச்செயலாகிவிடும். பங்கின் அன்றாடம்தான் உரைகல்.

பெரிய வியாழன் முதல் சாவு வீடு வரை

பாதம் கழுவும் சடங்கையே எடுத்துக்கொள்வோம். 12ஆம் பத்திநாதர் திருத்தந்தை 1955இல் புனித வாரச் சடங்குகளைச் சீரமைத்தபோதுதான் அது பெரிய வியாழன் மாலைப் பூசைக்குள் வந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆண்களின் பாதங்களையே கழுவ வேண்டும் என்பது விதி. 2013 மார்ச் 28ஆம் நாள் பிரான்சிஸ் திருத்தந்தை உரோமையின் சிறார் சிறை ஒன்றில் பெண்களுடைய பாதங்களையும் முஸ்லிம் இளைஞருடைய பாதங்களையும் கழுவினார். 2016 ஜனவரி 6ஆம் நாளிட்ட ஆணை, இறைமக்களில் எவரையும் இதற்குத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதியை மாற்றியது.

தோட்டத்துக் கோயிலுக்கு இந்த ஆணை எவ்வளவு பெரியது என்பதை ஒரு பாதத்தைப் பார்த்தால் அறியலாம். சப்ரகமுவ மழைக்காடு சூழ்ந்த நிலம். மலையில் அட்டை அதிகம். கொழுந்து பறிக்கும் பெண் காலையில் சவர்க்காரத்தையோ உப்பையோ காலில் தேய்த்துக்கொண்டு மலை ஏறுவார். மாலையில் கொழுந்து மடுவத்தில் நிறுவை முடித்துப் பீலிக்கரைக்கு வந்து கால் கழுவும்போது, அட்டை கடித்த இடத்தில் இரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருக்கும். குதிகால் வெடிப்பில் செம்மண் ஏறியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கோயிலுக்குள் பன்னிரண்டு நாற்காலி போட்டு, நகரத்துச் சப்பாத்திலிருந்து கழற்றிய, முன்னமே கழுவிய பாதங்களை மட்டும் வரிசைப்படுத்தினால் சடங்கு அழகாக முடிந்துவிடும். இந்தப் பாதம் அந்த வரிசையில் இருக்கும்போதுதான் குனிபவர் எங்கே குனிகிறார் என்பது அவருக்கே தெரியும்.

அந்தப் பெண் கூச்சப்படுவார். எனக்கு வேண்டாம் சாமி, என் கால் நல்லாயில்ல என்று பின்வாங்குவார். பேதுருவின் மறுப்புக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. பெற்றுக்கொள்வதும் தாழ்ச்சியின் பாதிதான். அதை அவருக்கு மரியாதையோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு தண்ணீர்ச் செம்பை ஏந்தும் முறை அவருக்கு வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு கைக்காசு வேலை கிடைக்கும் நாள். அன்று மலைக்குப் போனால் அந்த வாரச் சாமான் வாங்கக் கையில் காசு இருக்கும். 2024 செப்டம்பரில் நாட்கூலியின் அடிப்படை 1,350 ரூபாவாக உயர்ந்த பின்னும், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பம் அந்தக் காசை எளிதில் விட முடியாது. பூசைக்கு வராதவரைப் பீடத்தில் நின்று கடிந்துகொள்வது ஒரு வழி. பூசை நேரத்தைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றி, கோயில் தூரமென்றால் பிள்ளை மடுவத்திலோ ஒரு காம்பிராவின் இஸ்தோப்பிலோ பலிபீடம் போடுவது மற்றொரு வழி. இரண்டாவதில் நேரத்தை விட்டுக்கொடுப்பவர் குருவானவர். மாகாணத்தில் தமிழ் தெரியாத குரு ஒருவர் தமிழ் கற்று, உச்சரிப்பு தடுமாறினாலும் தமிழில் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருவதும் இதே வகை. வயது வந்த படிப்பாளி ஒருவர் பிள்ளையைப் போல எழுத்துக்கூட்டிப் பழகுவது எளிய தாழ்ச்சி அல்ல.

குருவானவர் வராத வாரங்களில் சபையைக் கட்டிக்காப்பவர் உபதேசியார். செபமாலை சொல்லுபவர், நோயாளியைப் பார்க்கப் போகிறவர், திருமுழுக்குக்குப் பெயர் எழுதுகிறவர் அவரே. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளையும் 1977 முதல் தோட்டப் பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்ற பிறகு, சபையின் கையில் பாடசாலை அதிகாரம் சுருங்கியது. உபதேசியாரின் கால்நடைப் பயணம்தான் எஞ்சியது. அந்த இழப்பு ஒருவகையில் நன்மை. ஆனால் உபதேசியாரே இருபது ஆண்டுக்குக் குட்டிக் கங்காணியாகிவிடும் ஆபத்தும் உண்டு. வாசகம் வாசிப்பவர், காணிக்கை எண்ணுபவர், திருவிழாவில் சுரூபக் கூட்டுக்குத் தோள் கொடுப்பவர் எல்லாம் ஒரே இரண்டு குடும்பமாக இருந்தால், ஒழுங்கை அல்ல, ஆட்களைத்தான் பங்கு காப்பாற்றுகிறது.

சாவு வீட்டில் நிலைமை வேறு. லயத்தில் ஒருவர் இறந்தால் மரண உதவிச் சங்கம் கூடுகிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த சிறு தொகையிலிருந்து பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் வருகிறது. குழி வெட்டுபவர், தேத்தண்ணீர் ஊற்றுபவர், இரவு முழுக்க விழித்திருப்பவர் என்று வேலை தானாகப் பிரிகிறது. இந்து வீட்டுச் சாவுக்குக் கத்தோலிக்க இளைஞர் குழி வெட்டுவார்கள். கத்தோலிக்க வீட்டில் செபமாலை முடியும் வரை இந்து அயலார் இஸ்தோப்பில் காத்திருந்து பெட்டிக்குத் தோள் கொடுப்பார்கள். இன்று சுமந்தவரை நாளை வேறொருவர் சுமப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசீர்வாதப்பர் மடத்துக்கு எழுதியதை இவர்கள் எழுதாமலே கடைப்பிடிக்கிறார்கள். பங்கு படிக்க வேண்டிய பாடம் லயத்திலேயே இருக்கிறது.

உதவி செய்யும்போது

2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து கிராமங்களைப் புதைத்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்தின் லய வீடுகளும் மண்ணுக்குள் போயின. இரத்தினபுரியில் 2003 மே மாதமும் 2017 மே மாதமும் வெள்ளமும் மண்சரிவும் உயிர்களைக் கொண்டுபோயின. இத்தகைய நாள்களில் கோயில் மண்டபங்கள் திறக்கின்றன. கரித்தாஸ் அமைப்பும் வின்சென்ட் டி பவுல் சபையும் உலர் உணவும் துணிமணியும் சேர்க்கின்றன. இது உண்மையான தொண்டு. இதைக் குறைத்துப் பேச இடமில்லை.

ஆனால் இங்கேதான் தாழ்ச்சி எளிதில் வழுக்குகிறது. பொதி கொடுக்கும் கையும் வாங்கும் கையும் படத்தில் விழ வேண்டும் என்று இழந்தவரை வரிசையில் நிறுத்தும்போது, கொடுப்பவர் உயர்கிறார், வாங்குபவர் கூனிக் குறுகுகிறார். எந்த வீட்டுக்கு எது அவசரம் என்று லயத்து மக்களே பட்டியல் போட்டு, அவர்களில் இருவர் கணக்கைப் பார்த்து, பூசை முடிவில் எல்லோர் முன்னும் வாசித்தால் அதே பொதி வேறு மதிப்பைப் பெறுகிறது. பாதுகாப்பான நிலத்தில் வீடு கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது பங்கு அவர்களோடு போவதும் இதே தொண்டின் தொடர்ச்சி. நியாயமான கூலி கேட்பது பேராசை என்று தோட்டத்தில் யாராவது சொன்னால், 1891இலேயே 13ஆம் லியோ தொழிலாளரின் நியாயக் கூலியைத் திருச்சபைப் போதனையாக்கிவிட்டார் என்பதை நினைவூட்ட வேண்டும். காலி மறைமாவட்டத்தை நிறுவியவரும் அவரே.

முடிவாக

சப்ரகமுவப் பங்கொன்று தாழ்ச்சியில் வாழ்கிறதா என்று அறிய நீண்ட ஆய்வு தேவையில்லை. கோயிலைக் கூட்டியவர் இந்த மாதம் யார், போன மாதம் யார்? வாசகம் வாசித்தவர் யார்? காணிக்கைக் கணக்கை வாசித்தது எந்த மொழியில்? பெரிய வியாழன் நாற்காலியில் கொழுந்துக்காரப் பெண்ணும் பால்வெட்டுக்காரரும் வாசல் கூட்டுபவரும் உட்கார்ந்தார்களா? பங்குப் பேரவைத் தலைவர் எப்போதாவது தேத்தண்ணீர்க் கோப்பை கழுவினாரா? இவற்றுக்கு விடை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருந்தால் அந்தப் பங்கு நற்செய்தியின் பாதையில் இருக்கிறது. மாறாமல் நின்றுவிட்டால், எத்தனை திருவிழா எடுத்தாலும் தோட்டத்துப் படிநிலைதான் அங்கே பீடமேறியிருக்கிறது.

ஆகவே பங்குத்தந்தையருக்கும் பங்குப் பேரவைகளுக்கும் உபதேசியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் தவக்காலத்துக்கு முன் கோயிலின் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: கூட்டுவது, மணி அடிப்பது, வாசிப்பது, எண்ணுவது, நோயாளியைப் பார்ப்பது, கக்கூசு கழுவுவது. பெயர்களை எழுதி, குருவானவரின் பெயரையும் சேர்த்து, முறை போடுங்கள். அந்தத் தாளைக் கோயில் கதவில் ஒட்டுங்கள்.